சொல் வரலாறு: வாசகர் கேள்வி – பதில்

அன்றாடம் நாம் வழங்கும் ஆங்கிலச் சொற்களின் பிறப்பைக் குறித்து எழுதிக் கேட்குமாறு சென்ற இதழில் வாசகர்களை அழைத்திருந்தோம். பழைய வட ஆற்காட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

வாணியம்பாடியிலிருந்து ஓர் ஆசிரியை: வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய திசைகளின் ஆங்கிலப் பெயர்களிலுள்ள முதலெழுத்துகள் சேர்ந்ததே ‘நியூஸ்’ என்று எங்கள் ஆசிரியர் எங்களுக்குச் சொன்னார், நானும் என் மாணவர்களுக்கு அவ்வாறே சொல்லி வருகிறேன். இது சரியா?

சரியன்று, அம்மா. ‘நியூ’ என்னும் பெயரடையோடு பன்மை விகுதி சேர்ந்து பிறந்த சொல்தான் ‘நியூஸ்’. ‘புதியவை’ என்பதே அதன் நேர்ப்பொருள். பிரெஞ்சு மொழியிலும் ‘புதிய’ என்னும் சொல்லின் பன்மையே செய்தியைக் குறிக்கிறது. ஆங்கிலேயர் அந்த முறையைப் பின்பற்றினர் என்பது அகராதியாளர் கருத்து. பழைய ஆங்கில ஏடுகளில் இச்சொல் நான்கு எழுத்துகளோடு மட்டும் எழுதப்படவில்லை; கடைசி எழுத்துக்கு முன்னால் இன்னோர் உயிரெழுத்தும் நின்றது. நான்கு திசைகளைக் கொண்டு அமைந்த சொல் என்றால் அந்த ஐந்தாம் எழுத்துக்கு இடமே இருந்திருக்காது.

முதலெழுத்துகளைக் கோத்து ஒரே சொல்லாக ஒலிக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் பரவியது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த ‘ரேடார்’ அதற்குத் தக்க சான்று. ஆகவே, அதற்கு முற்பட்ட ஒரு சொல்லுக்கு இத்தகைய விளக்கம் சொல்லப்பட்டால் முதலில் ஐயுறுவதே முறை. செல்வச் செழிப்பைக் குறிக்கும் ‘போஷ்’ என்னும் சொல்லுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வருவோர், வெயில் படாதிருக்க, வரும்போது இடப்புற அறையையும் திரும்பும்போது வலப்புற அறையையும் கேட்டுப் பெற்றனர் என்றும், அவர்களுடைய பயணச்சீட்டில் அந்த நான்கு சொற்களின் முதலெழுத்துகள் அச்சிடப்பட்டன என்றும் கூறுவர். அப்படி அச்சிட்ட ஒரு சீட்டும் இதுவரை கிடைக்கவில்லை. மாணவர்களுக்கு ‘புதியவை’ என்னும் விளக்கத்தையே சொல்லிக்கொடுங்கள். அது எளியது, உண்மையும்கூட.

ஆம்பூரிலிருந்து, காலணித் தொழிற்சாலையில் பணிபுரியும் வாசகர்: நாங்கள் தைக்கும் ‘சாண்டல்’ செருப்புக்கும் சந்தன மரத்தின் ஆங்கிலப் பெயருக்கும் உறவு உண்டா? முற்காலத்தில் சந்தனக் கட்டையில் பாதக்குறடு செய்ததால் இப்பெயர் வந்தது என்று ஒருவர் சொன்னார்.

இரண்டும் வெவ்வேறு சொற்கள். செருப்பைக் குறிக்கும் சொல் கிரேக்கர் அணிந்த வார்ச்செருப்பின் பெயரிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. மரத்தைக் குறிக்கும் சொல்லோ நம் ‘சந்தனம்’ என்னும் சொல்லே. வடமொழி ‘சந்தன’ மேற்கே வணிகரோடு பயணம் செய்து, கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ஒலி திரிந்து ஆங்கிலத்தை அடைந்தது. இருவேறு ஊற்றுகளிலிருந்து வந்த சொற்கள் வழியில் தேய்ந்து ஒரே எழுத்துக்கூட்டலில் முடிந்தன. ஒரு பக்கம் ஆம்பூரில் செருப்பும், மறுபக்கம் சவ்வாது மலையில் சந்தனமும் திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கும் இருக்கும் வட்டாரத்தில் இந்த ஐயம் எழுவது இயல்பே.

காலணியிலிருந்து உண்மையிலேயே பிறந்த ஒரு சொல்லை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். வேண்டுமென்றே ஒரு வேலையைக் கெடுப்பதை ‘சபோட்டாஜ்’ என்கிறோம். பிரெஞ்சு நாட்டு உழவரும் தொழிலாளரும் அணிந்த மரக்காலணிக்கு ‘சபோ’ என்று பெயர். கோபங்கொண்ட தொழிலாளர் தம் மரக்காலணியைக் கழற்றி இயந்திரத்துக்குள் எறிந்ததால் இச்சொல் வந்தது என்னும் கதை மிகப் பரவலானது. அதற்கு அக்காலச் சான்று கிடையாது. மரக்காலணியோடு தடதடவென்று நடப்பதைக் குறித்த பிரெஞ்சு வினைச்சொல், பிறகு வேலையைத் தாறுமாறாகச் செய்வதைக் குறித்தது. குறைந்த கூலிக்குக் குறைந்த வேலை என்னும் போராட்ட முறையைப் பிரெஞ்சுத் தொழிற்சங்கத்தினர் 1897இல் துலூஸ் நகரில் கூடிய மாநாட்டில் ஏற்றபோது, இச்சொல்லுக்கு அரசியல் பொருள் உறுதியாயிற்று. ஆங்கிலத்தில் அது பரவியது 1910ஆம் ஆண்டு பிரெஞ்சு ரயில்வே வேலைநிறுத்தச் செய்திகளின் வழியாக. இயந்திரத்தை உடைத்தவர்களின் வீரச் செயலைவிட, கூலி குறைந்தபோது கைவேலையைத் தளர்த்தியவர்களின் எதிர்ப்பே இச்சொல்லின் கருவில் இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பொருள் நிறைந்ததாகப் படுகிறது.

தோல் பதனிடுவதைக் குறிக்கும் ‘டேனிங்’ என்பதும் உங்கள் தொழிலின் சொல்லே. ஐரோப்பாவில் தோலைப் பதனிடப் பொடித்துப் பயன்படுத்திய ஓக் மரப்பட்டையின் பெயர் அது. இங்கே அந்தப் பணியை ஆவாரம்பட்டை செய்தது.

வேலூரிலிருந்து, செவிலியர் படிப்பு மாணவி: நாங்கள் நாள்தோறும் சொல்லும் ‘ஹாஸ்பிட்டல்’, ‘கிளினிக்’, ‘வார்டு’ முதலிய சொற்களின் முதற்பொருள் என்ன?

‘ஹாஸ்பிட்டல்’ என்பதற்கு அடிப்படையான இலத்தீன் சொல் விருந்தினரையும் குறித்தது, விருந்து ஓம்புபவரையும் குறித்தது. வழிப்போக்கரும் ஏழைகளும் தங்கிச் செல்லும் அறச்சாலையே முதலில் இப்பெயரைப் பெற்றது. அங்கே வந்து தங்கியவரில் நோயாளிகள் பெருகவே, அது மருத்துவமனை ஆயிற்று. ‘ஹோட்டல்’, ‘ஹாஸ்டல்’ ஆகியவையும் அதே சொல்லின் வேறு வடிவங்கள். வேலூரில் மருத்துவமனையைச் சுற்றி வடநாட்டு நோயாளிகளும் உறவினரும் தங்கும் விடுதிகள் நிறைந்த தெருக்களில் நடப்பவருக்கு, இம்மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை விளக்கத் தேவையில்லை.

‘கிளினிக்’ என்பது படுக்கையைக் குறிக்கும் ‘கிளினே’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நோயாளியின் படுக்கையருகே சென்று, அவரைக் கண்ணால் கண்டு, தொட்டுப் பார்த்துச் செய்யும் மருத்துவமே முதலில் அப்பெயர் பெற்றது. இன்று நாம் படுக்கையே இல்லாத சிறு மருந்தகத்தைக் ‘கிளினிக்’ என்கிறோம். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டில் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணி ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது என்பதை நினைத்தால், அந்தச் சிறு அறைக்கு இக்கிரேக்கச் சொல் எவ்வளவு பொருத்தமானது! அந்தப் பணி 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாக வளர்ந்தது.

படுக்கை என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் மருத்துவமனையில் ‘காட்’ என்று சொல்வது ஆங்கிலத்துக்கு இந்தி மொழியின் ‘காட்’ என்பதிலிருந்து கிடைத்தது. இந்திச் சொல் வடமொழி ‘கட்வா’ என்பதன் வழிவந்தது. அந்த வடமொழிச் சொல்லே திராவிட மொழியிலிருந்து பெற்றது என்றும், நம் ‘கட்டில்’ அதற்கு உறவு என்றும் மொழியறிஞர் பலர் கருதுகின்றனர்.

‘வார்டு’ என்பது காவல். ‘கார்டு’ என்று நாம் காவலரைச் சொல்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றே. ஒன்று நேரே ஆங்கிலத்தில் வழங்கியது, மற்றது பிரெஞ்சுக்குச் சென்று ஒலி மாறித் திரும்பியது.

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்: ‘எட்டு’ என்பதும் ‘எயிட்’ என்பதும், ‘ஒன்று’ என்பதும் ‘ஒன்’ என்பதும், ‘காசு’ என்பதும் ‘கேஷ்’ என்பதும் ஒன்றுபோல் ஒலிப்பதால், ஆங்கிலம் இவற்றைத் தமிழிலிருந்தே பெற்றது என்று நான் கருதுகிறேன். ஆங்கில அகராதிகள் இதை ஏன் மறைக்கின்றன?

உங்கள் தமிழ்ப் பற்றை மதிக்கிறேன், ஐயா; அந்தப் பற்றின் பொருட்டே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இரு சொற்கள் இன்று ஒன்றுபோல் ஒலிப்பது உறவுக்குச் சான்றாகாது. அவற்றின் பழைய வடிவங்கள் நெருங்கி வருகின்றனவா, விலகிச் செல்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

‘எட்டு’ என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழில் எண்பது, எண்ணூறு, எண்திசை என்கிறோம்; ‘எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்’ என்பது பழமொழி. எண்பதும் எண்ணூறும் ‘எட்டு’ என்பதன் வழியே வரவில்லை. ‘எண்’ என்பதே அவற்றின் அடி. கன்னடத்தில் ‘எண்டு’, தெலுங்கில் ‘எனிமிதி’. எனவே இச்சொல்லின் பழைய உயிர்நிலை ணகர மெய்யில் இருக்கிறது. ‘எட்டு’ என்னும் வடிவில் அம்மெய் டகரத்தோடு மயங்கி மறைந்துவிட்டது. ஆங்கிலச் சொல்லுக்கு வருவோம். ஆங்கில எழுத்துக்கூட்டலில் இன்று ஒலிக்காமல் நடுவே நிற்கும் இரண்டு எழுத்துகளைப் பள்ளிப் பிள்ளைகள் வெறுமனே மனப்பாடம் செய்கிறார்கள். அவை ஒருகாலத்தில் தொண்டையிலிருந்து எழும் ஒலியாக ஒலித்தன. ஜெர்மன் மொழியில் அந்த ஒலி இன்றும் கேட்கிறது. இலத்தீனில் அது ககரமாக, ‘ஆக்டோ’ என்று இருக்கிறது. ரோமானியரின் பழைய ஆண்டுக் கணக்கில் எட்டாம் மாதமாக இருந்த ‘அக்டோபர்’ அதிலிருந்து பிறந்தது. வடமொழியின் ‘அஷ்ட’ அதே குடும்பம். ஆக, பின்னோக்கிச் செல்லச் செல்ல ஒரு சொல் ணகரத்தை நோக்கியும் மற்றது ககரத்தை நோக்கியும் போகின்றன. இன்று அவை சந்தித்திருப்பது தற்செயல்.

‘ஒன்’ என்பதும் இத்தகையதே. பழைய ஆங்கிலத்தில் அது நீண்ட ஆகாரத்தோடு ‘ஆன்’ என்றே இருந்தது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு முன்னால் வரும் ‘அ’, ‘அன்’ ஆகியவை அந்தப் பழைய சொல்லின் தேய்ந்த வடிவங்கள். ‘அலோன்’ என்பது ‘முழுவதும் ஒருவனாய்’ என்பதன் சுருக்கம். சொல்லின் தொடக்கத்தில் இன்று கேட்கும் வகர ஒலி இடைக்காலத்தின் இறுதியில் பேச்சு வழக்கில் புகுந்தது. அதனால்தான் எழுத்தில் அதற்கு இடமில்லை.

‘காசு’ வேறு கதை. அதில் உங்கள் கருத்தில் பாதி சரி. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்னும் ஒலிக்கு இரண்டு தனிச் சொற்கள் உள்ளன. ரொக்கப் பணத்தைக் குறிப்பது, பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. பணப்பெட்டி என்னும் பொருள் பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கு மாறியது. ‘கேஷியர்’ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சிறு நாணயத்தைக் குறித்த ‘கேஷ்’ என்பதோ நம் ‘காசு’தான், அதைப் போர்ச்சுகீசியரிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றனர். சென்னையில் கம்பெனியின் கணக்குப் புத்தகங்களில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எழுதினர். இவ்விரண்டில் எதை நாம் உரிமை கொண்டாடலாம் என்பது தெளிவு.

அகராதிகள் மறைக்கவில்லை, ஐயா. ‘சுருட்டு’, ‘கட்டுமரம்’, ‘மிளகுத்தண்ணீர்’ ஆகியவை ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்கள் என்று ஆங்கில அகராதிகள் வெளிப்படையாகவே எழுதுகின்றன. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்–ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ–இந்தியச் சொற்களஞ்சியத்தைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் சென்னை மாகாணத்தில் அரசுப் பணி புரிந்தவர். அந்த நூலில் தமிழ்ச் சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. சான்றுள்ள சொற்களே இவ்வளவு இருக்க, சான்றில்லாதவற்றையும் சேர்த்துக் கூறினால் கேட்பவர் எல்லாவற்றையும் சேர்த்தே தள்ளிவிடுவார். அந்த இழப்பு தமிழுக்கே.

ஆரணியிலிருந்து ஒரு வாசகி: ‘டிபன்’ தமிழா, இந்தியா?

இரண்டும் அன்று, ஆங்கிலமே. சிறிது சிறிதாகக் குடிப்பதைக் குறித்த ஓர் ஆங்கில வட்டார வழக்கிலிருந்து, 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயரிடையே நண்பகல் சிற்றுணவுக்குப் பெயராயிற்று. இங்கிலாந்தில் அது வழக்கொழிந்தது. நம் வீடுகளில் இட்லி, தோசைக்குப் பெயராக நிலைத்தது.

வாலாஜாபேட்டையிலிருந்து, போக்குவரத்துத் துறையில் ஓய்வு பெற்ற வாசகர்: ‘பஸ்’ என்பதற்கு என்ன பொருள்?

தனியே பார்த்தால் பொருளே இல்லை. அது ஒரு வேற்றுமை உருபின் எச்சம். இலத்தீன் மொழியில் ‘ஆம்னிபஸ்’ என்றால் ‘அனைவருக்கும்’ என்று பொருள். பிரான்சில் 1820களில் கட்டணம் கொடுத்த எவரும் ஏறிச் செல்லக்கூடிய நீண்ட குதிரைவண்டிக்கு இப்பெயர் அமைந்தது. 1829இல் ஷில்லிபியர் என்பவர் அதை லண்டனில் ஓட்டினார். மக்கள் நாவில் பெயர் சுருங்கியபோது ‘எல்லாம்’ என்னும் பொருள் தரும் முன்பகுதி உதிர்ந்து, நம் நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ என்பதற்கு நிகரான விகுதி மட்டும் மிஞ்சியது. ‘அனைவருக்கும்’ என்பதில் ‘அனைவர்’ போய் ‘க்கும்’ நின்றதற்கு ஒப்பானது இது. தனியார் தொலைதூரப் பேருந்துகளை நம்மவர் இன்றும் ‘ஆம்னி பஸ்’ என்று அழைப்பதால், உதிர்ந்த பகுதி வேலூர்ப் பேருந்து நிலையத்தில் தவறாமல் காதில் விழுகிறது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் ராயபுரத்திலிருந்து உங்கள் வாலாஜா ரோடு வரை ஓடியது என்பதால், ‘டிரெயின்’ என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ‘இழு’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையே அதன் வேர். தரையில் இழுபடும் நீண்ட அங்கியின் பின்பகுதியையும், பிறகு ஒருவர்பின் ஒருவராகச் செல்லும் பரிவாரத்தையும் குறித்துவிட்டு, கடைசியில் இணைத்த பெட்டிகளுக்கு அது பெயராயிற்று. ‘தொடர்வண்டி’ என்னும் தமிழாக்கத்தைச் செயற்கையானது என்று சிலர் ஒதுக்குகிறார்கள்; மூலச்சொல்லின் கருத்துக்கு ‘புகைவண்டி’யைவிட அதுவே நெருக்கமானது.

ஆற்காட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஆற்காடு, வேலூர் வரலாற்றோடு தொடர்புடைய ஆங்கிலச் சொற்கள் உண்டா?

மூன்று சொற்களைச் சொல்லலாம். முதலாவது ‘காஞ்சி’ என்று ஆங்கிலேயர் ஒலிக்கும் நம் ‘கஞ்சி’. 1751இல் ஏறத்தாழ 50 நாள்கள் ஆற்காட்டுக் கோட்டையில் கிளைவின் படை முற்றுகையிடப்பட்டபோது, உணவு குறையவே, இந்தியச் சிப்பாய்கள் சோற்றை ஐரோப்பியருக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சியே தமக்குப் போதும் என்றனர் என்னும் செய்தியை மெக்காலே தம் கட்டுரையால் புகழ்பெறச் செய்தார். அச்சொல் அதற்கும் முன்பே போர்ச்சுகீசியர் வாயிலாக ஐரோப்பியரை எட்டியிருந்தது. போர்ச்சுகலில் ‘கான்ஜா’ என்பது இன்று கோழியும் அரிசியும் சேர்த்த சாறு. பட்டாளத்தில் சிறு குற்றம் செய்தவரை அடைக்கும் அறைக்கு, அங்கே தரப்பட்ட உணவால், ‘கஞ்சி வீடு’ என்று ஆங்கிலேயர் பெயரிட்டிருந்தனர். இன்று ஆங்கில உணவகங்களில் சீன அரிசிக்கூழுக்கு இத்தமிழ்ச் சொல்லே பெயராக வழங்குகிறது.

இரண்டாவது ‘நேபாப்’. ஆற்காட்டு நவாப் முதலியோரின் பட்டப்பெயரே இது. இந்தியாவில் பொருள் குவித்து ஊர் திரும்பிய ஆங்கிலேயரை அவர்களுடைய நாட்டவரே 18ஆம் நூற்றாண்டில் இப்பெயரால் இகழ்ந்தனர்.

மூன்றாவது ‘மியூட்டினி’. அசைவு, கிளர்ச்சி ஆகிய பொருள்களில் பிரெஞ்சிலிருந்து வந்த சொல் இது. ஆங்கிலத்தில் படைவீரர் மேலதிகாரிக்குக் கீழ்ப்படிய மறுப்பதை மட்டும் குறிக்கலாயிற்று. 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் நடந்ததற்கு ஆங்கில ஆவணங்கள் இச்சொல்லையே இட்டன. தலைப்பாகையை மாற்றித் தோல் குஞ்சம் வைத்த புதுத்தொப்பியைத் திணித்ததும், நெற்றிக் குறியையும் தாடியையும் தடுத்ததும் எழுப்பிய கொதிப்பை, கட்டளை மீறல் என்னும் ஒரே கட்டத்துக்குள் இச்சொல் அடைத்துவிடுகிறது. தமிழில் நாம் ‘வேலூர்ப் புரட்சி’ என்று எழுதுவதே தக்கது என்பது என் உறுதியான கருத்து.

காவேரிப்பாக்கத்திலிருந்து ஓர் உழவர்: அரசு ஆவணங்களில் எங்கள் ஏரியை ‘டேங்க்’ என்று எழுதுகிறார்கள். போரில் வரும் பீரங்கி வண்டிக்கும் அதே பெயர். ஏன்?

நீர்நிலையே முதற்பொருள். குஜராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தொட்டியைக் குறிக்கும் சொல்லும், போர்ச்சுகீசியரின் ‘டாங்கே’ என்னும் சொல்லும் கலந்து, இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் வாயில் ‘டேங்க்’ ஆயின. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்றான உங்கள் ஏரிக்கும், வீட்டு மாடியிலுள்ள சிறு தொட்டிக்கும் ஒரே சொல் வழங்குவது பொருந்தவில்லைதான். ‘ஏரி’ என்றே ஆவணங்களில் எழுதியிருக்கலாம். போர்வண்டிக்கு இப்பெயர் வந்தது மறைப்பதற்காக. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் அவ்வண்டியைக் கட்டியபோது, செய்தி வெளியே கசியாதிருக்க, போர்முனைக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் தொட்டிகள் கட்டப்படுகின்றன என்று சொல்லி, 1915ஆம் ஆண்டின் இறுதியில் இந்த மறைபெயரைத் தேர்ந்தனர். 1916 செப்டம்பர் 15ஆம் நாள் பிரான்சில் சொம் போர்க்களத்தில் அவை முதன்முறையாக இறங்கின. அதன்பிறகு மறைபெயரே நிலைபெயராயிற்று.